பார்சல் எடையில் பணம் இழக்காதிருக்க: வீட்டிலிருந்து விற்கத் தொடங்குவோருக்கு

வீட்டிலிருந்தே புடவை, பலகாரம், கைவினைப் பொருட்கள் என்று இணையத்தில் விற்கத் தொடங்கும் பலரும் முதல் சில மாதங்களில் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். ஆர்டர் வருகிறது, பொருள் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது, வாங்கியவரும் பாராட்டுகிறார். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் நிற்க வேண்டிய பணம் நிற்பதில்லை. கூரியர் தளத்தில் முன்பணம் போட்டுவைக்கும் வாலட்டைத் திறந்தால் நாற்பது ரூபாய், எண்பது ரூபாய் என்று சிறு சிறு பிடித்தங்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் ‘வெயிட் டிஸ்கிரிபன்சி’ என்று குறித்திருப்பார்கள். நீங்கள் எழுதிய எடை ஒன்று, கூரியர் நிறுவனம் அளந்த எடை வேறு, வித்தியாசத்தை உங்கள் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

கூரியர்காரர்களின் அநியாயம் என்று பேசிவிட்டுப் பலர் இதைக் கடந்துபோகிறார்கள். சில நேரங்களில் அது அநியாயம்தான். அப்போது எப்படி எதிர்த்துக் கேட்பது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை இந்தப் பிடித்தங்களில் பெரும்பகுதி, பார்சல் நம் வாசலைத் தாண்டும் முன்பே முடிவாகிவிடுகிறது. எந்தப் பெட்டியை வாங்குகிறோம், எந்த அளவை எழுதுகிறோம், பொருளை எத்தனை கிராமாகக் கட்டுகிறோம் என்ற மூன்றில்தான் பணம் போகிறது. மூன்றும் உங்கள் கையில் இருப்பவை.

எடை எங்கே போடப்படுகிறது?

பல கூரியர் நிறுவனங்களை ஒரே இடத்தில் தரும் தளங்களில்தான் புதியவர்கள் பெரும்பாலும் கணக்குத் தொடங்குகிறார்கள். அங்கே ஆர்டரைப் பதியும்போது எடை, நீளம், அகலம், உயரம் நான்கையும் நீங்களே நிரப்ப வேண்டும். அந்த நான்கு எண்களை நம்பித் தளம் ஒரு கட்டணம் போட்டு, வாலட்டில் நீங்கள் முன்பே செலுத்திய பணத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாலையில் பிக்கப் ஊழியர் வந்து லேபிளில் உள்ள ஏடபிள்யூபி எண்ணை (பார்சலைத் தடம் பார்க்கும் எண்) ஸ்கேன் செய்து, மற்ற பார்சல்களோடு மூட்டையில் போட்டுக்கொண்டு போகிறார். அவரிடம் பெரும்பாலும் தராசு இருப்பதில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போனதால் எடை சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

எடை போடுவது பிரிப்பு மையத்தில். பெரிய மையங்களில் பார்சல் ஓடும் பெல்ட்டின் மேலேயே இயந்திரம் இருக்கும். சில நொடிகளில் அது எடையையும் மூன்று பக்க அளவுகளையும் பதிந்து, படமும் எடுத்துவிடும். பார்சலில் எந்த முனை மிக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதுவரை அளப்பது அதன் வழக்கம். பெட்டி ஒரு பக்கம் புடைத்திருந்தால் புடைப்பையும் சேர்த்தே அளக்கும். அந்த அளவு உங்கள் அளவைவிட மேல் கட்டணப் படியில் விழுந்தால், சில நாட்களில் வித்தியாசத் தொகை உங்கள் கணக்கில் ஏறும். பொருள் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்த பிறகுகூட ஏறும்.

ஆகவே ஆர்டர் பதியும்போது நீங்கள் எழுத வேண்டியது, டேப் ஒட்டி, லேபிள் ஒட்டி, முழுதாக முடித்த பார்சலை அந்த இயந்திரம் எப்படிப் பார்க்குமோ அந்த எண்கள்.

முதல் படி: இரண்டு எடைகளையும் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு பார்சலுக்கும் இரண்டு எடைகள் உண்டு. தராசில் காட்டுவது உண்மை எடை. வண்டியில் அது அடைக்கும் இடத்தைக் கிலோவாக மாற்றிச் சொல்வது கன அளவு எடை, தளங்களில் ‘வால்யூமெட்ரிக்’ என்று இருக்கும். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

கன அளவு எடைக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000 ஆல் வகுக்க வேண்டும். விடை கிலோவில் வரும். இந்தியாவில் சிறு பார்சல்களுக்கும், வெளிநாட்டுக்கு விமானத்தில் போகும் எக்ஸ்பிரஸ் பார்சல்களுக்கும் பரவலாக இருப்பது இந்த 5000. ஆனால் எல்லோரும் இதையே வைத்திருப்பதில்லை. சில சேவைகளில் வகுக்கும் எண் 4000 அல்லது 4500 என்று குறைவாக இருக்கும். எண் குறையக் குறைய உங்கள் பார்சலின் எடை கூடும். கட்டணப் பட்டியலில் ரூபாயைப் பார்க்கும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். குறைந்த கட்டணம் காட்டும் சேவை ஒன்று 4000 ஆல் வகுத்தால், பெரிய பெட்டி அனுப்புபவருக்கு அது மலிவான சேவை அல்ல.

மொத்தச் சரக்கைத் தரைவழி அனுப்பும் சேவைகளில் கணக்கே வேறு. அங்கே கன சென்டிமீட்டரைப் பெரும்பாலும் 27000 ஆல் வகுத்துக் கன அடியாக்கி, ஒப்பந்தத்தில் ஒரு கன அடிக்கு எத்தனை கிலோ என்று இருக்கிறதோ அதனால் பெருக்குவார்கள். மூன்று பக்கமும் 45 செ.மீ. உள்ள பெட்டி 5000 கணக்கில் சுமார் 18.2 கிலோ வரும். கன அடிக்கு 10 கிலோ என்ற ஒப்பந்தத்தில் அதே பெட்டி 33.75 கிலோ ஆகிவிடும். கடைகளுக்கு மொத்தமாக அனுப்பும் நிலைக்கு வரும்போது இதை மறக்கக் கூடாது.

இரண்டாம் படி: ஸ்லாபின் விளிம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

கூரியர் கட்டணம் கிராம் கிராமாக ஏறுவதில்லை. சிறு பார்சல்களுக்கு அரைக் கிலோ அரைக் கிலோவாகப் படி, அதாவது ஸ்லாப், வைத்திருக்கிறார்கள். 490 கிராம் அரைக் கிலோ. 510 கிராம் ஒரு கிலோ. அந்த இருபது கிராமுக்காக அடுத்த படியின் முழுக் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும்.

5000 ஆல் வகுக்கும் சேவையில் அரைக் கிலோ என்றால் 2500 கன சென்டிமீட்டர், ஒரு கிலோ என்றால் 5000 கன சென்டிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் பேக்கிங் மேசைக்கு எதிரே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 20 × 15 × 10 செ.மீ. பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 3000. வகுத்தால் 0.6 கிலோ. உள்ளே இருப்பது 300 கிராம் பொருளாக இருந்தாலும் ஒரு கிலோவுக்குத்தான் கட்டணம். அதே பெட்டியின் உயரத்தை 8 செ.மீ. ஆக்கிப் பாருங்கள்: 2400, அதாவது 0.48 கிலோ. இரண்டு சென்டிமீட்டர் குறைத்ததில் ஒரு படி இறங்கிவிட்டது. மாதம் முழுவதும் போகும் எல்லாப் பார்சலிலும் அந்த மிச்சம் உண்டு.

மூன்றாம் படி: பெட்டி வாங்கும்போதே கவனியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அட்டைப்பெட்டி விற்பவர்கள் அளவை அங்குலத்தில் சொல்வார்கள். கூரியர் தளம் சென்டிமீட்டரில் கேட்கும். ‘10-க்கு 8-க்கு 4’ என்று ஒரு பெட்டி வாங்குகிறீர்கள். ஓர் அங்குலம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் என்று மனக்கணக்குப் போட்டு 25 × 20 × 10 என்று தளத்தில் எழுதுகிறீர்கள். பெருக்கினால் சரியாக 5000, அதாவது ஒரு கிலோ. மிகச் சரியான பெட்டி என்று மகிழ்ச்சியாகவும் இருக்கும்.

ஆனால் ஓர் அங்குலம் 2.54 செ.மீ. அந்தப் பெட்டி உண்மையில் 25.4 × 20.32 × 10.16. பெருக்கினால் சுமார் 5244, வகுத்தால் 1.05 கிலோ. ஒன்றரைக் கிலோ படிக்குப் போய்விட்டது.

விஷயம் இத்தோடு முடியவில்லை. பெட்டிக்காரர் சொல்லும் அளவு பெரும்பாலும் உள் அளவு. பொருள் உள்ளே அடங்குமா என்று பார்க்க அதுதான் வேண்டும். இயந்திரம் அளப்பதோ வெளிப்பக்கத்தை. மூன்றடுக்கு அட்டையின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர் என்று வைத்தால், நீளத்திலும் அகலத்திலும் ஆறாறு மில்லிமீட்டர் கூடும். மேலும் கீழும் மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிவதால் உயரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே கூடும். ஆக அந்தப் பெட்டி சுமார் 26 × 20.9 × 11.4 செ.மீ. கன அளவு எடை 1.24 கிலோ. நீங்கள் எழுதியது ஒரு கிலோ. இந்தப் பெட்டியில் நீங்கள் எதை அனுப்பினாலும், எத்தனை முறை அனுப்பினாலும், இயந்திரம் அளக்கும் ஒவ்வொரு முறையும் பிடித்தம் வரும். நியாயமாகத்தான் வரும்.

எனவே நூறு பெட்டி மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு மாதிரிப் பெட்டி கேட்டு வாங்குங்கள். உங்கள் பொருளை வைத்து, காகிதம் திணித்து, டேப் ஒட்டி, முழுப் பார்சலாக்கி, அதன் வெளிப்பக்கத்தை அளந்து கணக்குப் போடுங்கள். விடை 0.5, 1.0, 1.5 ஆகிய விளிம்புகளில் இருந்து கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். விளிம்பிலேயே நிற்கும் பெட்டி ஆபத்தான பெட்டி. அரைக் கிலோ படிக்கு 2300 கன சென்டிமீட்டருக்குள்ளும், ஒரு கிலோ படிக்கு 4600-க்குள்ளும் நிறுத்தினால் அளவில் சிறு பிசகு வந்தாலும் தாங்கும். நீங்கள் கேட்கும் அளவிலேயே பெட்டி செய்துதரும் அட்டைப்பெட்டிக் கூடங்கள் தமிழ்நாட்டில் எல்லாப் பெரிய ஊர்களிலும் இருக்கின்றன. ஓரளவு எண்ணிக்கை சொன்னால் செய்துகொடுப்பார்கள். தயார் நிலையில் கிடைக்கும் பெட்டியைவிட ஒரு ரூபாய் கூடினாலும் கூரியரில் அதைவிடப் பல மடங்கு மிச்சமாகும்.

நான்காம் படி: பொருளின் அளவையே படிக்கு ஏற்ப அமையுங்கள்

பலகாரம் விற்பவர்கள் அரைக் கிலோ பாக்கெட் போடுவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். கடையில் அதற்குப் பொருத்தம் உண்டு. கூரியருக்கு அது மிக மோசமான அளவு. 500 கிராம் பொருளோடு பாக்கெட், பெட்டி, டேப் எல்லாம் சேர்ந்தால் அரைக் கிலோ படியில் நிற்க வழியே இல்லை. சிறிய மூன்றடுக்குப் பெட்டி மட்டுமே நூறு கிராமுக்கு மேல் வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு அரைக் கிலோ பாக்கெட்டும் ஒரு கிலோ கட்டணத்தில்தான் பறக்கும். அதையே 350 கிராம் பாக்கெட்டாகப் போட்டுப் பாருங்கள், அல்லது 400 கிராமை மெல்லிய பெட்டியில் வையுங்கள். இரண்டு 400 கிராம் பாக்கெட் சேர்த்து ஒரு ‘காம்போ’ ஆக்கினால் பெட்டியோடு 920, 930 கிராம் வரும். ஒரு கிலோ படிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

எந்த எடை உங்களைக் கடிக்கும் என்பது பொருளைப் பொறுத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கெட்டியான பொருள். இடம் குறைவாகப் பிடிக்கும், தராசில் இறங்கும். அதற்குக் கிராமைப் பாருங்கள். மணப்பாறை முறுக்கு இதற்கு நேர்மாறு. அரைக் கிலோ முறுக்கு நொறுங்காமல் போக 25 × 20 × 15 அளவில் ஒரு பெட்டி எடுத்தால் கன அளவு எடை 1.5 கிலோ. பொருளைப் போல மூன்று மடங்குக்குக் கட்டணம். முறுக்கு, அப்பளம், ஓலைக் கூடை, பொம்மை, செயற்கைப் பூ மாலை விற்பவர்கள் தராசைவிட அளவு நாடாவுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். முறுக்கை வட்ட வட்டமாக அடுக்கி உருளை டப்பாவில் போட்டால் இடம் வெகுவாகக் குறையும். கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி மூன்று அளவுகளில் செய்து ஒரு தொகுப்பாக விற்றால் ஒரு கூடையின் இடத்தில் மூன்றும் போய்விடும்.

துணி விற்பவர்களுக்குப் பெட்டி தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பருத்திப் புடவை 430 கிராம் என்றால் கூரியர் கவரில் போட்டு, பில்லும் வைத்து 470 கிராமுக்குள் முடித்துவிடலாம். அழகுக்காக அட்டைப்பெட்டி சேர்த்தால் அரைக் கிலோவைத் தாண்டும். பட்டுப் புடவைக்கு மட்டும் பெட்டி வேண்டும், அதன் விலையில் அந்தச் செலவு தாங்கும்.

ஐந்தாம் படி: தராசும் நாடாவும்

ஒரு கிராம் வரை காட்டும், பத்துக் கிலோ தாங்கும் மின்னணுத் தராசு ஒன்று வாங்குங்கள். கட்டில் மேலோ பாயின் மேலோ வைக்காமல் கல் அல்லது கெட்டியான மேசையின் மேல் வையுங்கள். எடை போடும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள், லேசான பார்சலின் எடையைக் காற்று மாற்றும். பெரிய பெட்டியைத் தராசில் வைத்தால் எண் காட்டும் திரை மறைந்துவிடும். அதற்கு ஒரு கிண்ணத்தைத் தராசின் மேல் கவிழ்த்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதன் மேல் பெட்டியை வையுங்கள். திரையும் தெரியும், படமும் எடுக்கலாம்.

மாதம் ஒரு முறை தராசைச் சோதித்துப் பாருங்கள். கல் உப்புப் பாக்கெட்டை வைத்துச் சோதிப்பது போதாது, பாக்கெட்டில் சில கிராம் கூடக் குறைய இருக்கும். பக்கத்து மளிகைக் கடையில் முத்திரை பெற்ற தராசு இருக்கும். ஒரே பொருளை அங்கும் இங்கும் போட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். எடை போட்டுப் பொருள் விற்பவராக நீங்கள் இருந்தால் உங்கள் தராசுக்கே எடையளவு முத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது.

அளப்பதற்கு இரும்பு நாடா நல்லது. தையல் நாடா இழுத்தால் நீளும். கவர் போல வடிவமில்லாத பார்சலைச் சுவரோரம் ஒட்டி வைத்து, மறுபக்கம் ஒரு தடித்த புத்தகத்தை நிமிர்த்தி அணைத்து, சுவருக்கும் புத்தகத்துக்கும் இடையே அளங்கள். இயந்திரம் காணும் அளவுக்கு மிக நெருங்கி வரும். அரை சென்டிமீட்டர் வந்தால் மேலே தள்ளி முழு எண்ணாக எழுதுங்கள். கவரை ஒட்டும் முன் உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். உப்பிய கவர் உயரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டரைச் சும்மா கூட்டிவிடும்.

சுருட்டிய பொருட்களில் ஒரு பொறி இருக்கிறது. கோரைப்பாய், ஓவியம், காலண்டர் போன்றவற்றை உருளையாகக் கட்டினாலும் அவற்றைச் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி இருப்பதாகவே கணக்கிடுவார்கள். 12 செ.மீ. விட்டமும் 100 செ.மீ. நீளமும் உள்ள சுருளுக்கு 12 × 12 × 100, அதாவது 2.88 கிலோ. மூன்று கிலோ கட்டணம். இறுக்கிச் சுருட்டி விட்டத்தை 10 செ.மீ. ஆக்கினால் இரண்டு கிலோவுக்கு வந்துவிடும்.

மழைக்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. அட்டை ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த வண்டியில் போகும் பெட்டி வீட்டில் காட்டிய எடையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். விளிம்புக்குக் கீழே முப்பது நாற்பது கிராம் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறாம் படி: தளத்தில் பதியும் எண்கள்

சொந்த இணையக் கடை வைத்திருப்பவர்களின் ஆர்டர்கள் கூரியர் தளத்துக்குத் தானாகவே வந்துவிடும். எடையும் கடையில் பதிந்ததே வரும். கடையில் பொருளின் எடையை நிரப்பாமல் விட்டிருந்தால் பூஜ்யமோ, தளம் தானாகப் போடும் அரைக் கிலோவோ வந்து உட்காரும். அவசரத்தில் அதை மாற்றாமல் லேபிள் எடுத்துவிடுவார்கள். பிடித்தம் வருவதற்கு இது மிகப் பொதுவான வழி. அலகையும் பாருங்கள். கடை கிலோவில் கணக்கிடும் அமைப்பில் இருக்க, நீங்கள் கிராம் என்று நினைத்து 450 என்று போட்டால் 450 கிலோ ஆகிவிடும்.

ஒருவர் மூன்று பொருள் வாங்கினால் தளம் மூன்றின் எடையையும் கூட்டிவிடும். ஆனால் அவை எந்தப் பெட்டியில் போகின்றன என்பது அதற்குத் தெரியாது. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உள்ள ஆர்டர்களை எப்போதும் பேக்கிங் முடித்த பிறகே பதியுங்கள். முதலில் லேபிள், பிறகு பேக்கிங் என்ற பழக்கத்தை விட்டுவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

வேண்டுமென்றே குறைத்து எழுதினால் ஒன்றிரண்டு தப்பிப் போகும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். தப்பியதைவிட மாட்டியதுதான் அதிகமாக இருக்கும். அடிக்கடி வேறுபாடு வரும் கணக்கை நிறுத்திவைக்கவும், வாலட் பணத்தைப் பிடித்துவைக்கவும் ஒப்பந்தத்தில் இடம் வைத்திருப்பார்கள். அதிகமாக எழுதுவதும் நட்டம்தான். அதிகம் கட்டியதைத் தாமாகத் திருப்பித் தருவது அரிது.

ஏழாம் படி: அனுப்பும் முன் நான்கு படங்கள்

ஒட்டி முடித்த பார்சலைத் தராசில் வைத்து, எடை எண்ணும் லேபிளில் உள்ள ஏடபிள்யூபி எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு படம். பிறகு நாடாவை வைத்து நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. நாடாவின் பூஜ்ய முனை பெட்டியின் ஓரத்தில் சரியாக நிற்பது படத்தில் தெரிய வேண்டும். திறந்த பெட்டியின் படத்தையோ, லேபிள் ஒட்டாத பெட்டியின் படத்தையோ சாட்சியாக ஏற்க மாட்டார்கள். ஒரே பொருள் ஒரே பெட்டியில் தினமும் போகிறதென்றால் ஒவ்வொன்றுக்கும் நாடாப் படம் எடுக்கத் தேவையில்லை. தராசுப் படம் மட்டும் விடாமல் எடுங்கள். நாள்வாரியாகக் கோப்புறை வைத்து மூன்று மாதமாவது அழிக்காமல் வையுங்கள்.

சில தளங்களில் ‘வெயிட் ஃப்ரீஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு பொருளின் படங்களையும் அளவுகளையும் முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டால், அந்தப் பொருளுக்கு அந்த எடையையே நிலையாக வைத்துக்கொள்வார்கள். திரும்பத் திரும்ப ஒரே பொருள் விற்பவர்கள் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

எட்டாம் படி: பிடித்தம் வந்தால்

காலையில் டீ குடிக்கும் நேரத்தில் தளத்தின் எடைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். மறுப்புத் தெரிவிக்கக் கெடு உண்டு. பல இடங்களில் ஏழு வேலை நாட்கள், சில இடங்களில் அதைவிடக் குறைவு. கெடு தாண்டினால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். உண்மை உங்கள் பக்கம் இருந்தாலும் பணம் வராது. உங்கள் தளத்தின் கெடு எத்தனை நாள் என்பதை இன்றே பார்த்துக் குறித்துவையுங்கள்.

மறுக்கும் முன் அவர்கள் தரும் படத்தை நிதானமாகப் பாருங்கள். அது உங்கள் பார்சல்தானா? லேபிள் எண் ஒத்துப்போகிறதா? இரண்டு பார்சல் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறதா? வழியில் நசுங்கிப் புடைத்திருக்கிறதா? பிறகு அவர்கள் எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். எடை ஒத்துப்போய் உயரம் மட்டும் வேறுபட்டால் புடைப்பைச் சந்தேகியுங்கள். நீளமும் உயரமும் இரண்டு மடங்காகக் காட்டினால் அது வேறு பார்சலாக இருக்கலாம். அவர்கள் சொல்வது சரி என்று தெரிந்தால் ஒப்புக்கொண்டு, அன்றே உங்கள் பதிவில் அந்தப் பொருளின் அளவைத் திருத்துங்கள். எல்லாவற்றையும் மறுப்பவரின் நியாயமான மறுப்பும் எடுபடாமல் போகும்.

மறுப்பில் கோபத்தைக் கொட்டாமல் எண்களை எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்: “இந்த ஏடபிள்யூபி எண்ணுள்ள பார்சலின் எடை 465 கிராம், வெளி அளவு 20 × 14 × 8 செ.மீ., கன அளவு எடை 0.448 கிலோ. பிக்கப்புக்கு முன் எடுத்த நான்கு படங்கள் இணைப்பில் உள்ளன. உங்கள் பதிவில் உயரம் 18 செ.மீ. என்று உள்ளது. உங்கள் மையத்தில் எடுத்த படத்தை அளவு நாடாவுடன் தரவும், பிடித்த தொகையைத் திருப்பி வரவு வைக்கவும்.” முதல் பதிலில் மறுத்தால் அடுத்த நிலை அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கென்று கணக்கு மேலாளர் இருந்தால் வேறுபாடு வந்த எல்லா ஏடபிள்யூபி எண்களையும் ஒரே தாளில் அவருக்கு அனுப்புவது பலன் தரும்.

திரும்பி வரும் பார்சல் இரட்டை இழப்பு

வாங்குபவரிடம் சேராமல் ‘ஆர்டிஓ’ ஆகி, அதாவது அனுப்பியவருக்கே, திரும்பும் பார்சலுக்கும் அவர்கள் அளந்த எடைக்கே கட்டணம் போடுவார்கள். ஒரு கணக்குக்காக அடுத்த அரைக் கிலோவுக்கு 35 ரூபாய் என்று வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 41 ரூபாய் 30 காசு. திரும்பி வந்தால் மீண்டும் அதே தொகை. ஒரு பார்சலில் 82 ரூபாய் 60 காசு, அதுவும் விற்காத பொருளுக்கு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம், பதிவில்லாத சிறு விற்பனையாளருக்கு முழுவதும் செலவுதான். பொருள் கைக்கு வந்த பிறகு பணம் தரும் ஆர்டர்கள் அதிகம் வரும் பொருளுக்கு எடையில் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கவுன்டரில் அனுப்புபவர்களுக்கு

மாதம் பத்துப் பதினைந்து பார்சல்தான் என்றால் தளமே வேண்டாம். அஞ்சலகக் கவுன்டரிலோ, ஊரில் உள்ள கூரியர் அலுவலகத்திலோ உங்கள் கண் முன்னே எடை போட்டுப் பணம் வாங்கி ரசீது தருகிறார்கள். பிறகு வாலட்டில் கைவைக்க யாரும் இல்லை. ரசீதில் எடை எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பொடி, ஊறுகாய் அனுப்புபவர்கள் முகவர் மூலம் அனுப்பினால், பெட்டியை அவர் மாற்றிக் கட்டிய பிறகு எடை போடச் சொல்லுங்கள், இறுதி எடையையும் அளவையும் எழுதி வாங்குங்கள், பின்னால் கூடுதல் கேட்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மாதக் கடைசியில் ஒரு தாள்

தளத்தின் மாதப் பட்டியலை இறக்கி, நீங்கள் எழுதிய எடை, அவர்கள் வைத்த எடை, வித்தியாசத் தொகை, பொருளின் பெயர், பெட்டியின் அளவு ஆகியவற்றை வரிசைப்படுத்துங்கள். ஒரே பெட்டி மீண்டும் மீண்டும் வந்தால் பெட்டியை மாற்றுங்கள். ஒரே கூரியர் நிறுவனம் மீண்டும் மீண்டும் வந்து, உங்கள் படங்கள் உங்கள் பக்கம் இருந்தால், தளத்தின் அமைப்பில் அந்த நிறுவனத்தை நிறுத்திவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த மாற்றத்தைச் செய்த தேதியை அதே தாளில் எழுதிவையுங்கள். பிடித்தம் குறைந்ததா என்பதை அடுத்த மாதப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.